கடை முதலாளி சிறுநீர் கழிக்கப் போயிருக்கிறார்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நீ போனை எடுக்காததால் இதை எழுதுகிறேன். எடுத்திருந்தாலும் கடையிலிருந்து இந்த விஷயத்தைப் பேச முடியாது. எனக்கும் லேஸ் கடைக்காரிக்கும் நடுவில் இருப்பது ஒரு ஹார்ட்போர்டுத் தடுப்பு. அவள் கொட்டாவி விட்டால் எனக்குத் தூக்கம் வருகிறது. வீட்டுக்குப் போனால் மகனும் மருமகளும் இருக்கிறார்கள். ஆகவே பட்டன் பெட்டி மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் கேட்ட மாத்திரையை நீ அனுப்பவில்லை. அதற்கு முன் நாலு முறை கேள்வி கேட்காமல் அனுப்பினவள், ஐந்தாம் முறை மட்டும் "டாக்டரைப் பார்" என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாய். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபது வருஷமாக நிற்கிறாய். சொந்த அக்காவுக்கு ஒரு அட்டை அனுப்ப உனக்கு என்ன கேடு?

என்ன செய்கிறது என்று கேட்பாய். சொல்கிறேன், நமக்குள் என்ன வெட்கம். போகும்போது எரிகிறது. போய்விட்டு எழுந்தால் மறுபடி முட்டுகிறது. உட்கார்ந்தால் நாலு சொட்டு. அடிவயிற்றில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு எடுக்க மறந்த மாதிரி இருக்கிறது. உன் மாத்திரையைப் போட்டால் இரண்டாம் நாள் நின்றுவிடும். நின்றதும் நானும் நிறுத்திவிடுவேன். மிச்சத்தை எறிவேனா? வரிசையில் யாருக்காவது வந்தால் ஆளுக்கு இரண்டு கொடுப்பேன். எங்கள் மாடி வரிசையில் பதினோரு கடை, பதினோரு பேரும் பெண்கள். இது வராதவள் ஒருத்தி இருந்தால் காட்டு, மாலை போடுகிறேன்.

ஏன் வருகிறது என்றும் நீ கேட்பாய். மாடியில் இருக்கும் கழிவறையில் வணிகர் சங்கம் அட்டைப்பெட்டி அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறது. கீழே லாரி நிற்கிற இடத்தில் ஒன்று உண்டு. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் காலையில் ஷட்டரைத் தூக்கினால், சாயங்காலம் இறக்குகிற வரைக்கும் நாங்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பதினெட்டு வருஷமாக இதுதான். புதிதாகக் கடை போட வருகிறவளுக்கு நாங்கள் சொல்லித்தரும் முதல் பாடமே, பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு வா என்பதுதான்.

பார்சல் சர்வீசில் இரண்டு அட்டை போட்டுவிடு. உபதேசம் வேண்டாம். இடம் இருந்தால் இன்னொரு அட்டை வை.

அக்கா


மார்ச் 9

அக்கா,

மாத்திரை அனுப்பவில்லை. அனுப்பமாட்டேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆளுக்கு இரண்டு கொடுப்பேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியில் நின்றுவிட்டேன். அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. ஐந்து நாள் போட வேண்டியதை இரண்டு நாளில் நிறுத்தி, மிச்சத்தை வரிசை முழுக்கப் பங்கு வைத்து, பதினோரு பேர் உடம்பிலும் அந்தக் கிருமிக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள். சாகாமல் தப்பித்ததுதான் அடுத்த முறை வரும். அதற்கு இந்த மாத்திரை வெறும் சுண்ணாம்பு.

உன்னை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு வாயில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் நாலு முறை அனுப்பியது நான். யாராவது வந்து கேட்டால் என் வேலையே போகும். கேட்காமலே பல நாளாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் போனை எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்த மாத்திரையும் போடுவதற்கு முன்னால் சிறுநீரைக் கல்ச்சர் சோதனைக்குக் கொடு. என்ன கிருமி, எதற்குச் சாகும் என்று அதில் தெரியும். இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை பொறு.

குளிர்க் காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி, இதில் ஒன்று வந்தாலும் பொறுக்காதே. கடையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. அப்போது என்மேல் இருக்கிற கோபத்தையும் போட்டுவிட்டு ஓடு.

தங்கை


மார்ச் 21

தங்கச்சிக்கு,

ஓடவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள்.

நீ எழுதின மூன்றும் ஒரே மத்தியானத்தில் வந்தன. ஒரு யூனிபார்ம் தையல்காரருக்கு வெள்ளைப் பட்டன் எண்ணிக்கொண்டிருந்தேன். பல் கிட்டித்தது. எண்ணிக்கை தப்பியது. எனக்கு எண்ணிக்கை தப்பி நீ பார்த்திருக்கிறாயா? லேஸ் கடைக்காரி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, தோசைக்கல்லே வேணாம், உங்க மேலயே தோசை ஊத்தலாம்" என்றாள். அப்புறம் ஆட்டோ. அப்புறம் ஊசி. ஆறு நாள் கையில் குழாயோடு கிடந்தேன். சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதாம். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று மகனைத் தடுத்தது நான்தான். நீ வந்து கால்மாட்டில் நின்று "சொன்னேனா இல்லையா" என்று பார்ப்பாய். அந்தப் பார்வைக்கு ஊசியே தேவலை.

ரிப்போர்ட்டை மடித்து இதோடு வைத்திருக்கிறேன். ஒன்பது மருந்து பெயர். ஏழுக்கு எதிரே 'வேலை செய்யாது' என்று போட்டிருக்கிறது. நீ அனுப்பினது அந்த ஏழில் முதலாவது. மிச்சம் இரண்டும் ஊசி. டாக்டரம்மா சின்னப் பெண், கண்ணாடி போட்டவள். "அடுத்த தடவை இந்த ரெண்டும் கேக்கலைன்னா என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளிடம் நான் கண்ணை மூடிக்கொண்டு சரக்கு வாங்குவேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நானும் வியாபாரி, நீயும் ஒருவிதத்தில் வியாபாரி. அந்த ஏழு சரக்கும் எனக்கு இனி ஓடாது. மிச்சம் இரண்டையும் அவசரத்துக்கென்று பூட்டி வைக்க வேண்டும். அப்படியானால் கடையில் வேறு என்ன இருக்கிறது? இது திரும்ப வராமல் இருக்க, அந்த ஜாதி மருந்து இல்லாமல் என்னென்ன உண்டு, எது நிஜமாக வேலை செய்யும், எது வெறும் பளபளப்பு அட்டை? உன் கவுன்டருக்கு வருகிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி வேண்டாம். கொள்முதலுக்கு வந்தவளிடம் சொல்கிற மாதிரி சொல்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

ஆறு நாள். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அதைப் பற்றி இப்போது எழுதினால் வேறெதையும் எழுத மாட்டேன்.

கேட்டதற்கு வருகிறேன். முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்: நான் எழுதப்போவது பெரும்பாலும் வராமல் தடுக்கத்தான். வந்து காய்ச்சலும் அடித்துவிட்டால் அந்த ஊசிதான் உயிர். அதை எதிரியாக்கிக்கொள்ளாதே. நாம் அதைப் பாழாக்கினோம், அது நம்மைப் பாழாக்கவில்லை.

எரிச்சல் மட்டும் இருந்து, காய்ச்சல் இல்லை என்றால், கர்ப்பமாகவும் இல்லை என்றால், சிலருக்கு வலி மாத்திரையும் தண்ணீருமாக இரண்டு மூன்று நாளில் தானே அடங்கிவிடும். டாக்டருக்குத் தெரிந்து, கண்காணிப்பில் செய்யலாம். ஆனால் சிலருக்கு அது மேலே ஏறும். ஒரு முறை ஏறியிருக்கிற உனக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

மெத்தனமின் என்று ஒரு மாத்திரை உண்டு. பழைய மருந்து, இப்போது மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். சிறுநீர் புளிப்பாக இருந்தால் அதில் கரைந்து கிருமியைக் கொல்லும் பொருளாக மாறும். கிருமி இதற்குப் பழகிக்கொள்வதாகத் தெரியவில்லை. தினமும் குறைந்த அளவில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு ஏறக்குறைய ஈடு என்று ஆய்வுகள் சொல்கின்றன. உன் சிறுநீரகமும் ஈரலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் தருவார்கள். ஒன்று கவனி: எரிச்சலுக்கு வாங்கிக் குடிப்பீர்களே, அந்தச் சிவப்பு சிரப், அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் மாத்திரை வீண்.

அடுத்தது க்ரீம். மாதவிலக்கு நின்று ஐந்து வருஷம் ஆகிறது உனக்கு. உள்ளே தோல் காய்ந்து மெலிந்துவிடும், நல்ல கிருமிகள் போய்விடும், கெட்டது குடியேறும். ஈஸ்ட்ரோஜன் க்ரீமை உள்ளே தடவினால் அந்த இடம் திரும்ப உறுதியாகும். உன் வயதுக்காரர்களுக்கு இது நிஜமாக வேலை செய்கிறது. முகத்தைச் சுளிக்காதே, எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

கிரான்பெரி என்று ஒரு பழத்தின் சாறும் குளிகையும் விற்கிறார்கள். அடிக்கடி வருகிறவர்களுக்கு ஓரளவு குறைக்கிறது. வந்துவிட்டதை ஆற்றாது. டி-மேனோஸ் என்ற பொடியை நானே பலருக்குப் புகழ்ந்து விற்றிருக்கிறேன். சமீபத்தில் ஒரு பெரிய ஆய்வில், அதற்கும் சாதாரணப் பழச்சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று வந்துவிட்டது. இப்போது யாராவது கேட்டால் தயங்குகிறேன்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட மலிவானது. குறைவாகத் தண்ணீர் குடிக்கிற பெண்கள் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது, இது வருவது பாதியாகக் குறைந்தது. அவ்வளவுதான். தண்ணீர் குடி, அடக்காமல் போ.

அதை உன் கடையில் உட்கார்ந்து செய்ய முடியாது. அதனால் கேட்கிறேன், கடையை விட்டுவிடு. மகனிடம் கொடு, அல்லது விற்றுவிடு. இங்கே வா. பின்னறை சும்மா கிடக்கிறது. குளியலறை ஒட்டினாற்போல் இருக்கிறது. எனக்கு ஒரு அக்காதான்.

தங்கை


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

உன் பட்டியலோடு போய்க் கண்ணாடி டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன். "உங்க தங்கச்சிய இங்க வேலைக்கு அனுப்புறீங்களா?" என்றாள். ரத்தம் பார்த்துவிட்டு மெத்தனமின் எழுதிக்கொடுத்தாள், காலை ஒன்று மாலை ஒன்று. சிவப்பு சிரப்பை நானே சாக்கடையில் ஊற்றினேன்.

க்ரீமுக்கு முகத்தைச் சுளித்தேன், உண்மைதான். மருந்துக்கடைக்காரன் அதைப் பேப்பரில் சுற்றி, அதைப் பையில் போட்டு, பையை இன்னொரு பையில் போட்டுக் கொடுத்தான். துப்பாக்கி வாங்கின மாதிரி வெளியே வந்தேன். முதல் ராத்திரி டியூபை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திநாலு வயசில் இந்த உடம்பில் எனக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறதே என்று கோபமாக வந்தது. அப்புறம் நினைத்தேன்: தோளில் பட்டன் மூட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகத் தையல்காரர்களைத் தேடி நடந்தவள் நான். பித்த வெடிப்புக்குத் தினமும் காலில் தைலம் தடவினேன். அது மட்டும் என் உடம்பு, இது வேற்றாள் உடம்பா? தடவிவிட்டேன். இப்போது பல் தேய்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

நடுவில் ஒருத்தன் வந்தான். சிறுநீரகத்தைக் கழுவிச் சுத்தம் பண்ணுகிற பொடியாம், என் கவுன்டரில் வைத்தால் பாதிக்குப் பாதி லாபம் தருகிறானாம். விற்கிறவளுக்கே பாதி கொடுக்க முடிகிற டப்பாவுக்குள் என்ன இருக்கும் என்று எனக்கா தெரியாது? "தம்பி, இதுல என்னென்ன இருக்குன்னு டப்பா மேல எழுதி எடுத்துட்டு வா, வாங்கிக்கறேன்" என்றேன். போனவன் இன்னும் வரவில்லை.

இனி உன் கடைசிப் பத்தி. வரமாட்டேன். உன் வீட்டில் நான் என்ன செய்வேன்? உன் சமையலறை டப்பாக்களை இடம் மாற்றி வைப்பேன். நாலாம் நாள் நீயே டிக்கெட் எடுத்துத் தருவாய். அதைவிட, நான் ஏன் வர வேண்டும்? மூத்திரம் போக இடமில்லை என்பதற்காக ஒருத்தி கடையை விடுவாளா? வாடகையை நானும் கொடுக்கிறேன், கீழே சூட்டிங் துணிக் கடை வைத்திருக்கிறவனும் கொடுக்கிறான். அவனுக்குச் சங்க அலுவலகத்தில் தாழ்ப்பாள் போட்ட கழிவறை இருக்கிறது, எனக்கு அட்டைப்பெட்டி இருக்கிறது. கோளாறு என் சிறுநீர்ப்பையில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது.

நேற்று முதல் இரண்டு லிட்டர் பாட்டிலைக் கல்லா பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நேராகச் சங்க அலுவலகம் போகிறேன். செயலாளர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் தடவை, "என்னம்மா வேணும்?" என்றார். "உங்க கிட்ட ஒண்ணும் வேணாம், உள்ள போகணும்" என்றேன். நாலாம் தடவை அவர் பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இன்று மதியம் எங்கள் மருந்தகத்தில் எல்லோர் போனிலும் ஒரு படம் சுற்றியது. ஒரு கடை ஷட்டர், பாதி இறக்கியிருக்கிறது. அதில் தொங்கும் அட்டையில் பெரிய எழுத்தில்:

"கடை முதலாளி சிறுநீர் கழிக்கப் போயிருக்கிறார். சங்க அலுவலகக் கழிவறையைப் பூட்டிவிட்டதால் பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டியிருக்கிறது. திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். சாவி செயலாளரிடம் உள்ளது."

'ழ'வுக்கு வால் அப்படி நீட்டுகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

எல்லோரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, ஆனாலும் சிரித்தார்கள். கணினிக்காரர் ஒருவர், "இந்தம்மாவுக்குக் குடும்பம்னு ஒண்ணு இருக்குமா" என்றார். நான் ஸ்டாக் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அக்கா, உன் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை இவ்வளவு பெரிய எழுத்தில்தான் சொல்ல வேண்டுமா? மனு எழுதிக் கொடுக்கலாமே. உன் மகனும் மருமகளும் நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டாமா?

மெத்தனமினை விடாமல் போடு. எப்படி இருக்கிறது என்று எழுது.

தங்கை


மே 3

தங்கச்சிக்கு,

மனு எழுதினேன். மூன்று. முதலாவது ஏழு வருஷத்துக்கு முன்னால். செயலாளரின் பைலில் பத்திரமாக இருக்கிறது, அவரே எடுத்துக் காட்டினார். எல்லாவற்றிலும் 'அடிப்படை வசதி' என்று எழுதியிருந்தேன். அடிப்படை வசதி என்றால் யாருக்கும் புரிவதில்லை. மின்விசிறி என்று நினைத்து ஒரு முறை மின்விசிறி போட்டுக்கொடுத்தார்கள். ஆகவே இந்த முறை புரிகிற வார்த்தையை எழுதினேன்.

நான் போய் வருவது பொறுக்காமல் அவர் அலுவலகக் கழிவறையைப் பூட்டின அன்றைக்கே அட்டையை மாட்டினேன். ஒரு வாடிக்கையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், போகட்டும். யூனிபார்ம் தையல்காரர் முழுசாகப் படித்துவிட்டு ஷட்டர் ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம், "இருங்க, வந்துடுவாங்க, தூரம் ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் லேஸ் கடையிலும் ஒரு அட்டை. வாரக் கடைசியில் பதினொன்று. ஜிப் கடைக்காரி எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தாள், திருத்தவிடவில்லை அவள்.

மகன் இரண்டு நாள் பேசவில்லை. மருமகள் மட்டும் சாப்பாடு போடும்போது, "அத்தை, அந்த டாக்டரம்மா சனிக்கிழமை இருப்பாங்களா?" என்று கேட்டாள். சோற்றுக் கையோடு அவளை நிமிர்ந்து பார்த்தேன். ஒரே வீட்டில் ஆறு வருஷம். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. 'வணிக வளாகத்தின் கண்ணியத்துக்குக் குந்தகம் விளைவிக்கும் ஆபாச வாசகம்.' பதினாலாம் தேதி பொதுக்கூட்டத்தில் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் கடை ஒதுக்கீடு ரத்து. பதினெட்டு வருஷக் கடை. வேறு எங்கே போனாலும் எனக்கு இந்த வயசில் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தெம்பு இல்லை, அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ராத்திரி எழுந்து நோட்டீசை மறுபடி படிக்கிறேன். மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன்.

உன் கணினிக்காரருக்கு ஒரு பதில். இந்தம்மாவுக்குக் குடும்பம் உண்டு. ஸ்டாக் ரூமில் நின்றுகொண்டிருந்தது.

அக்கா


மே 8

அக்கா,

கடைசி வரி எனக்குத் தேவைதான்.

நேற்று மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். "அந்த போர்டு மாட்டினது எங்க அக்கா." கணினிக்காரருக்குப் புரையேறியது. யாரோ தண்ணீர் நீட்டினார்கள். பிறகு பில் போடுகிற பெண், "மேடம், உங்களுக்கு ஒண்ணு தெரியுமா, நீங்க கவுன்டர்ல நிக்கிற எட்டு மணி நேரத்துல ஒரு தடவதான் பாத்ரூம் போறீங்க" என்றாள். அவள் எண்ணியிருக்கிறாள். எனக்கே தெரியாது. ஊருக்கெல்லாம் தண்ணீர் குடிக்கச் சொல்கிற வாய் இது.

இன்னொன்றும் செய்தேன். சீட்டில்லாமல் உனக்கு அனுப்பிய நாலு அட்டை பற்றித் தலைமை மருந்தாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. எழுதிக் கொடுத்த பிறகு நன்றாகத் தூங்கினேன்.

உன் கூட்டத்துக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் பெயர், படிப்பு, வேலை எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், அடக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிற பெண்களுக்கு என்ன ஆகும், மருந்துகள் ஒவ்வொன்றாக ஏன் தோற்கின்றன, கழிவறை ஏன் மருந்தில் சேர்த்தி என்று எழுதியிருக்கிறேன். கடைசியில், "இதை எழுதுகிறவள் மேற்படி கடை முதலாளியின் தங்கை. தங்கை இல்லையென்றாலும் இதையே எழுதியிருப்பேன்" என்று சேர்த்தேன்.

கடையை விட்டு வா என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

தங்கை


மே 19

தங்கச்சிக்கு,

உன் வேலைக்கு என்ன ஆயிற்று? அதை முதலில் எழுது. ஏதாவது ஆனால் என் கடையில் கல்லா இரண்டாக இருக்கும், அவ்வளவுதான்.

கூட்டம் நாலு மணிக்கு, சங்க அலுவலகத்தில். ஆண்கள் நாற்பது பேர் இருப்பார்கள். நாங்கள் பதினோரு பேரும் முன்வரிசை, ஆளுக்கு ஒரு பாட்டில். நான் திட்டம் எதுவும் போடவில்லை, ஜிப் கடைக்காரிதான் மூன்றரை மணிக்கே எல்லோரையும் குடிக்கச் சொல்லிவிட்டாள். கழிவறை எங்களுக்கு எட்டடி தூரத்தில், பூட்டோடு. சாவி செயலாளர் சட்டைப்பையில்.

அவர் வரவேற்புரை வாசித்தார். வரவு செலவு வாசித்தார். என் நோட்டீசுக்கு வருவதற்குள் ஐந்தேகால். நான் எழுந்து உன் தாளைப் படித்தேன். நடுவில் அவர், "அம்மா, நாலு பெரிய மனுஷங்க இருக்கற இடம். கொஞ்சம் நாகரிகமா பேசலாமே" என்றார். "நாகரிகமாப் போறதுக்குத்தாங்க இடம் கேக்கறோம்" என்றேன். கடைசி வரி வரை படித்தேன். மன்னிப்புக் கடிதம் எங்கே என்றார். எழுதவில்லை என்றேன்.

அப்போது லேஸ் கடைக்காரி எழுந்தாள். "சார், சாவி."

"கூட்டம் முடியட்டும்மா."

அடுத்தவள் எழுந்தாள். "சாவி சார்." அப்புறம் அடுத்தவள். யாரும் கத்தவில்லை. எழுந்தவர்கள் உட்காரவில்லை, உட்கார முடிகிற நிலையிலும் இல்லை. பதினோராவதாக நான். பின்வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த லைனிங் துணிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "யோவ், குடுத்துத் தொலைய்யா. இவங்களப் பாத்துப் பாத்து எனக்கே முட்டுது." கூட்டம் முழுக்கச் சிரித்தது. செயலாளர் சாவியை மேசையில் வைத்தார்.

வரிசையாகப் போய் வந்தோம். கூட்டம் அதுவரை காத்திருந்தது. வந்து உட்கார்ந்த பிறகு கைதூக்கச் சொன்னார்கள். ஒதுக்கீட்டை ரத்து செய்ய ஆறு கை. மாடிக் கழிவறையைத் திறக்க மற்றதெல்லாம். மறுநாளே அட்டைப்பெட்டிகளை எடுத்தார்கள், பின்னால் ஒரு பல்லி குடும்பமே இருந்தது. தாழ்ப்பாள் நாங்களே போட்டோம். இப்போது எங்கள் வரிசையில் பதினோரு பாட்டில் நிற்கிறது, பார்க்க ஏதோ தண்ணீர் வியாபாரம் மாதிரி.

நல்லது மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய். முந்தாநாள் லேசாக எரிச்சல் வந்தது. பயந்துவிட்டேன். அத்தனை தண்ணீர், அந்த மாத்திரை, க்ரீம், எல்லாம் வீணா என்று அழுகை வந்தது. பழைய மாத்திரை அட்டை தேடிக் கை அலமாரிக்குப் போனது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே ஒன்றும் இல்லை. கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, முதுகு வலி இல்லை. ரிப்போர்ட் வரும்வரை பொறுக்கலாம், உடம்பு சுட்டால் அந்த நிமிஷமே வரணும் என்றாள். இன்று பாதியாக அடங்கியிருக்கிறது. நாளை ரிப்போர்ட். எந்த மருந்து என்று அதில் சொன்னால் கடைசி வேளை வரை போட்டுக்கொள்வேன், யாருக்கும் பங்கு கிடையாது.

இன்று காலை செயலாளர் கடைக்கு வந்தார். பதினெட்டு வருஷத்தில் மாடி ஏறி வந்தது இதுதான் முதல் தடவை. ஜிப் கடையைத் தாண்டி வந்து என்னிடம் இரண்டு கருப்பு ஜிப் கேட்டார். எத்தனை அங்குலம் என்றேன், ஏதோ ஒன்று என்றார். கொடுத்தேன். போகாமல் நின்றார். தடுப்புக்கு அந்தப் பக்கம் லேஸ் கடையில் சத்தம் நின்றுவிட்டது.

"அந்த டாக்டரம்மா நம்பர் வேணும். வீட்ல... நாலு மாசமா, திரும்பத் திரும்ப."

"என்ன திரும்பத் திரும்ப?"

"அதான்மா. உங்களுக்குத் தெரியாததா."

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க. என்ன பண்ணுது அவங்களுக்கு?"

கழுத்து வரைக்கும் சிவந்தது மனுஷனுக்கு. ஜிப்பை இழுத்தார், மூடினார், மறுபடி இழுத்தார். நான் பட்டன் எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு குரோஸ், அதாவது நூற்று நாற்பத்திநாலு, எண்ணி முடித்துவிட்டேன்.

"சிறுநீர் போறப்போ எரியுதாம்" என்றார்.

நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

அக்கா